இருபத்தேழு பதிவேடுகளும் விடுபட்ட பெயர்களும்

அனுப்புநர்
ஜெ. தேவகுமாரி,
நூலக உதவியாளர் (பணி நிறைவு),
நாகலூர் சாலை, ஏற்காடு,
சேலம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சேலம்.

பொருள்: ஏற்காடு மலையரசி மகளிர் கலைக் கல்லூரி – மலைப்பகுதிப் பெண் ஓவியர் கண்காட்சி, 1994 முதல் 2020 வரை – பதிவேடுகள் கழிவு செய்யப்படுவதை நிறுத்துதல், கழிவு செய்யப்பட்டவற்றைத் திரும்பப் பெறுதல், விடுபட்ட பெயர்களைச் சேர்த்தல் – தொடர்பாக.

பார்வை: 1. கல்லூரி முதல்வருக்கு என் கடிதம், நாள் 17.02.2025.
2. முதல்வரின் பதில், நாள் 10.03.2025.
3. கல்லூரிச் செயலரின் பதில், நாள் 02.06.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி கல்லூரியின் நூலகத்தில் 1993 முதல் 2022 வரை இருபத்தொன்பது ஆண்டுகள் உதவியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். என் மீது ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை. இம்மனுவின் ஒன்பதாம் பத்தியைப் படித்தபின் ஒன்று எடுக்கப்படுமானால் அதற்கும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

2. கல்லூரியில் 1994 முதல் ஒவ்வோராண்டும் பிப்ரவரி மாதம் மூன்று நாள்கள் பெண் ஓவியர் கண்காட்சி நடைபெற்று வந்தது. பெண்ணாக இருக்க வேண்டும், சேர்வராயன் மலையில் குடியிருக்க வேண்டும், வேறு தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. காபித் தோட்டங்களில் வேலை செய்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், விவசாயிகள், மாணவிகள் எனப் பலரும் படம் கொடுத்தார்கள். தாளில் வரைந்தவர்கள் உண்டு, பலகையில் வரைந்தவர்கள் உண்டு. ஒருவர் முறத்தில் வரைந்து எடுத்துவந்தார். அதை எந்த வகையில் சேர்ப்பது என்று குழு அரை நாள் விவாதித்து, ‘பலவகை’ என்று ஒரு புதிய வகையை உண்டாக்கியது. பெருந்தொற்றுக்குப் பின் கண்காட்சி நடத்தப்படவில்லை.

3. ஆண்டுக்கு ஒன்றாக இருபத்தேழு பதிவேடுகள் இருந்தன. வரிசை எண், பெயர், ஊர், படத்தின் தலைப்பு, எதில் வரையப்பட்டது என்ற விவரங்கள் அவற்றில் உண்டு. ஒவ்வொன்றுடனும் ஒரு புகைப்பட ஆல்பமும் பார்வையாளர் கருத்துக் குறிப்பேடும் இருந்தன. இவையாவும் மேடைக்குப் பின்னுள்ள அறையில் இரண்டு இரும்பு அலமாரிகளில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு எழுத்து மூலம் எவருக்கும் தரப்படவில்லை. சாவி என்னிடம் இருந்தது. ஓய்வு பெற்ற நாளன்று அலுவலகத்தில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினேன்.

4. 2024 ஆகஸ்ட் மாதம் கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. மேற்படி அறையை மாணவியர் ஓய்வறையாக மாற்ற முடிவாயிற்று. மாணவியருக்கு ஓய்வறை வேண்டும் என்பதில் எனக்கு மாறுபட்ட கருத்து இல்லை. பணியில் இருந்த காலமெல்லாம் நானும் அதைக் கேட்டு வந்தேன். அலமாரிகள் வராந்தாவுக்கு வந்தன. ஆகஸ்ட் மாதத்தில் ஏற்காட்டு வராந்தா என்பது மேகம் உள்ளே வந்து உட்கார்ந்து போகும் இடம். அலமாரிகள் வேறு பயனுக்குத் தேவைப்பட்டதால் பதிவேடுகள் தரைக்கு வந்தன. மூவர் குழு ஒன்று கூடி, பதிவேடுகளை மின்னணு வடிவில் பாதுகாத்துவிட்டு மூலப் படிகளைக் கழிவு செய்யலாம் எனத் தீர்மானித்தது.

மின்னணு வடிவப் பணி ஒரே பிற்பகலில் நிறைவுற்றது. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்து அதன் நகலைப் பெற்றேன். அதில் இருபத்தேழு படங்கள் உள்ளன. இருபத்தேழும் பதிவேடுகளின் மேலட்டைகள். உள்ளே ஒரு பக்கமும் எடுக்கப்படவில்லை. அட்டைகள் தெளிவாக உள்ளன. ஒரு படத்தில் எடுத்தவரின் செருப்பும் தெரிகிறது.

அதன்பின் 2001 முதல் 2008 வரையிலான எட்டுப் பதிவேடுகளும் அவற்றின் ஆல்பங்களும் பழைய பேப்பர் கடைக்குச் சென்றன. அவை ‘முற்றிலும் அழிக்கப்பட்டன’ என்று சான்று எழுதிக் கையெழுத்திடப்பட்டுள்ளது. எஞ்சிய பத்தொன்பதும் ஜெனரேட்டர் கொட்டகைக்குச் சென்றன. எட்டு மட்டும் ஏன் போயின என்று கல்லூரிக் காவலர் வெள்ளையனிடம் கேட்டேன். அன்று வந்த ஆட்டோவில் அவ்வளவுதான் பிடித்தது என்றார். குழுவின் குறிப்பில் இக்காரணம் இல்லை.

5. இவையெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தன. தெரியவந்த விதம் வருமாறு. கல்லூரி 2025ஆம் ஆண்டுக்கு ஒரு நாட்காட்டி அச்சிட்டது. அதில் ஜூன் மாதத்துக்கு, முதல்வர் அறையில் பல ஆண்டுகளாக மாட்டப்பட்டிருக்கும் ஓர் ஓவியம் இடம்பெற்றது. மழை இறங்கப்போகும் மலைச்சரிவில் ஒரு மாடு நிற்கும் படம் அது. அதன் கீழே ‘ஓவியர்: பெயர் தெரியவில்லை’ என்று அச்சாகியிருந்தது.

மாரமங்கலத்தில் தையல் கடை வைத்திருக்கும் மலர் எங்கள் கல்லூரியின் முன்னாள் மாணவி. அவருக்கு அந்த நாட்காட்டி வந்தது. பொங்கலுக்கு முன் ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த ராசம்மாள் என்பவர், காத்திருந்த நேரத்தில் அதன் பக்கங்களைப் புரட்டியிருக்கிறார். ராசம்மாளுக்கு வயது அறுபத்து நான்கு. ராகியும் மிளகும் பயிரிடும் விவசாயி. கணவர் பொன்னுவேல் 2016இல் காலமானார். ஜூன் மாதம் வந்ததும் கையை எடுத்துவிட்டு, அது தாம் வரைந்த படம் என்று மலரிடம் சொல்லியிருக்கிறார். கீழே இருந்த வரியை அவரே படித்தார், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். படித்துவிட்டுச் சொன்னதை மலர் என்னிடம் அப்படியே தெரிவித்தார்: “பேரு தெரியலைன்னா வந்து கேட்டிருக்கலாமில்ல கண்ணு.”

6. 20.01.2025 திங்கட்கிழமை ராசம்மாள் முதல் பஸ்ஸில் புறப்பட்டுக் கல்லூரிக்கு வந்தார். முதல்வர் அவரை மரியாதையாக உட்கார வைத்து டீ வரவழைத்துக் கொடுத்தார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். முதல்வர் 2023இல்தான் பொறுப்பேற்றவர். பழைய விவரம் எதையும் அவர் அறிந்திருக்க வழியில்லை. ஓவியம் இவருடையது என்பதற்குப் பங்கேற்புச் சான்றிதழோ வேறு ஆவணமோ உண்டா என்று கேட்டார். சான்றிதழைக் கரையான் அரித்துவிட்டது என்றார் ராசம்மாள். பிறகு படத்துக்கு அருகில் போய் நின்று சொன்னார்: “இது எங்கூட்டு மாடுங்க. எடது கொம்பு பாதிதான் இருக்கும், பாருங்க. பலாமரத்துல முட்டி ஒடைச்சுக்கிச்சு.”

படத்தில் இடது கொம்பு பாதிதான் உள்ளது. அதை வரைந்தவரின் திறமைக் குறைவு என்றே கல்லூரியில் அனைவரும் இத்தனை ஆண்டுகள் கருதி வந்தோம். நானும் அவ்வாறே கருதினேன்.

மேலும், வானத்தின் நீலம் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு அடித்து மீந்த பெயின்ட் என்றும், பச்சை தம் வீட்டுக் கதவுக்கு வாங்கியது என்றும் அவர் கூறினார். அலுவலகக் கோப்பில் இச்சந்திப்பு பற்றி இரண்டு வரிகள் உள்ளன: ‘வந்திருந்தவர் மாடு குறித்து வாய்மொழியாகத் தகவல் தெரிவித்தார். மாடு தற்போது உயிருடன் இல்லை.’

7. பழைய ஆள் என்ற முறையில் அலுவலகத்திலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. அந்த ஓவியம் 2003ஆம் ஆண்டுக் கண்காட்சியில் வைக்கப்பட்டது, பதிவேட்டைப் பார்த்தால் பெயர் தெரிந்துவிடும் என்று நான் உறுதியாகச் சொன்னேன். அப்போதுதான் பதிவேடுகளின் நிலை எனக்குக் கூறப்பட்டது. மறுநாள் வெள்ளையன் கொட்டகையைத் திறந்துவிட்டார். பத்தொன்பது பதிவேடுகள் டீசல் கேன்களுக்கு நடுவே இருந்தன. 2003 அவற்றில் இல்லை.

8. ஏற்காடு பஸ் நிலையம் அருகே பழைய பேப்பர் கடை வைத்திருப்பவர் திரு. அப்துல் மஜீத். எட்டுப் பதிவேடுகளும் ஐந்து மாதங்களுக்கு முன்பே மலையிறங்கிக் காகித ஆலைக்குப் போயிருக்கும் என்ற எண்ணத்துடனேயே அவரிடம் சென்றேன். அவை போகவில்லை. எட்டும் அவர் வீட்டில் பீரோவின் மேல், பழைய பெட்ஷீட்டில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன.

காரணத்தை அவரே சொன்னார். கட்டைப் பிரித்துத் தரம் பார்த்தபோது ஓர் ஆல்பம் கீழே விழுந்து திறந்துகொண்டது. அதில் ஒரு படத்தின் பக்கத்தில் தம் மனைவி நின்றிருந்தார். பதிவேட்டைப் புரட்டியதில், 2006ஆம் ஆண்டில், ‘கா. பரிதா, நாகலூர். பஸ் வராத நாள். நீர்வண்ணம்’ என்று இருந்தது. அவர்களுக்குத் திருமணமாகிப் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. தம் மனைவி ஓவியம் வரைந்தவர் என்பதைத் திரு. அப்துல் மஜீத் தம் கடைத் தராசின் முன் நின்றுதான் அறிந்திருக்கிறார். அன்று கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய், இதை ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறார். “நீங்க கேக்கலீங்களே” என்று பரிதா பதில் சொல்லியிருக்கிறார்.

இதை அவர் என்னிடம் சொன்னபோது பரிதாவும் அங்கே இருந்தார். திருமணத்துக்குப் பிறகு வரையவில்லை, யாரும் தடுக்கவுமில்லை, விட்டுப்போயிற்று என்றார். பதிவேட்டில் தம் பெயர் இருந்த வரியை எனக்குக் காட்டினார். அது என் கையெழுத்து. அந்த வரியில் பெயர் சரியாக இருந்தது.

9. பிறகு 2003ஆம் ஆண்டுப் பதிவேட்டைத் திறந்தேன். வரிசை எண் 41. ஊர் என்ற கட்டத்தில் ‘மாரமங்கலம்’ என்றும், தலைப்பு என்ற கட்டத்தில் ‘கிராமியக் காட்சி’ என்றும் இருந்தது. பெயர் என்ற கட்டத்தில் ‘பொன்னுவேல் மனைவி’ என்று இருந்தது.

அதுவும் என் கையெழுத்து.

நடந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. அன்று ராசம்மாள் வரவில்லை. வீட்டில் வேலை இருந்ததால் பொன்னுவேல்தான் பலகையைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தார். யார் வரைந்தது என்று கேட்டேன், என் மனைவி என்றார். கொண்டுவந்தவரின் பெயரைக் கேட்டேன், பொன்னுவேல் என்றார். அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை. படத்துக்குத் தலைப்பும் கேட்கவில்லை, நானே வைத்தேன். வரிசை நீளமாக இருந்தது என்பது உண்மை. உணவு இடைவேளை நெருங்கியிருந்தது என்பதும் உண்மை. இவற்றைக் காரணமாகக் காட்ட நான் விரும்பவில்லை. கேட்டிருந்தால் கால் நிமிடம் ஆகியிருக்கும்.

ஆகவே கல்லூரியின் மீது நான் அளிக்கும் இந்தப் புகாரில் என் மீதான புகாரும் அடங்கும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

10. அந்தப் பக்கத்தின் நகலை எடுத்துக்கொண்டு மாரமங்கலம் சென்றேன். ராசம்மாள் களத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். நகலைக் காட்டி, எழுதியது நான் என்று சொன்னேன். அவர் மிளகைத் துழாவி முடித்தார். பிறகு கையை உதறிவிட்டுக் கேட்டார்.

“எழுதுனது நீங்கதானுங்களா?”

ஆமாம் என்றேன்.

“அப்ப எம்பேரு உங்களுக்குத் தெரியாது. இப்பத் தெரியுமில்லீங்க? எழுதுங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். படத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் என்ன என்றும் கேட்டேன். ‘கொட்டாய்க்கு வராத மாடு’ என்றார். மழை வருவது தெரிந்தும் அது அன்று கொட்டகைக்குள் வர மறுத்து நின்றதாம். அன்று மாலை நான் நாலரை மணி பஸ்ஸைத் தவறவிட்டேன். அடுத்தது வரும் வரை அவர் என்னுடன் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார்.

11. இவ்விவரங்களைப் பார்வை 1இல் கண்ட கடிதத்தில் எழுதி, பதிவேடுகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறும், வரிசை எண் 41இல் பெயரைச் சேர்க்குமாறும் கேட்டுக்கொண்டேன். திரு. அப்துல் மஜீத் எட்டையும் எந்த நிபந்தனையும் இன்றித் தருவதாகக் கையெழுத்திட்டிருந்தார்.

பார்வை 2இல் கண்ட பதிலில், அழிக்கப்பட்டதாகச் சான்றளிக்கப்பட்ட பதிவேட்டைத் திரும்பப் பெற விதிகளில் இடமில்லை என்றும், அழிக்கப்பட்ட ஒன்றை ஆதாரமாக ஏற்க இயலாது என்றும், ஏற்றாலும் அதில் ராசம்மாள் என்ற பெயர் இல்லை என்றும், ஓய்வு பெற்றவர் பதிவேட்டில் திருத்தம் செய்ய முடியாது என்றும் கூறப்பட்டுள்ளது. ஆயினும் நல்லெண்ண அடிப்படையில், ஓவியத்தின் கீழ் ‘பொன்னுவேல் மனைவி, மாரமங்கலம்’ என்று எழுதிவைக்கக் கல்லூரி முன்வந்தது. இதை நான் ராசம்மாளிடம் தெரிவித்தேன். அவர் மறுத்துவிட்டார். அவர் கூறியது: “அவரு மாட்டைப் புடிச்சுக் கட்டுவாருங்க. வரைஞ்சது நானு.”

செயலருக்கு எழுதினேன். பதிவேடுகளே இல்லாத நிலையில் அவற்றைத் திருத்துவது என்ற கேள்வி எழவில்லை என்பது பார்வை 3இல் கண்ட அவரது பதிலாகும். அக்கடிதம் எனக்குக் கிடைத்த அன்று, இல்லாத பதிவேடுகள் எட்டும் என் மேசையின் மேல் இருந்தன. அப்துல் மஜீத் வீட்டுப் பீரோவின் மேல் ஓதம் ஏறத் தொடங்கியதால் நான் வாங்கி வைத்திருந்தேன்.

12. கொட்டகையில் உள்ள பத்தொன்பதின் நிலை இதைவிட அவசரமானது. அங்கே புதிய ஜெனரேட்டர் வரவிருப்பதால் 31.07.2025க்குள் இடத்தைக் காலி செய்ய உத்தரவிடப்பட்டுள்ளது. கூரையில் இரண்டு இடங்களில் ஒழுகுகிறது. வெள்ளையன் தம் வீட்டிலிருந்து தார்ப்பாய் கொண்டுவந்து மூடியிருக்கிறார். இது அவருக்கு இடப்பட்ட பணி அல்ல. இதனால் அவருக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்ளத் தங்களை வேண்டுகிறேன்.

13. முதல்வரின் அனுமதியுடன் மூன்று நாள்கள் கொட்டகையில் உட்கார்ந்து பத்தொன்பதையும் படித்தேன். என்னிடம் உள்ள எட்டையும் படித்தேன். மொத்தம் 1,386 பதிவுகள். அவற்றில் எழுபத்து நான்கில் வரைந்தவரின் பெயர் இல்லை. ‘ரைட்டர் மகள்’, ‘டீக்கடை அம்மா’, ‘மேஸ்திரி தங்கை’ என்றெல்லாம் இருக்கின்றன. பதினொன்று பிறர் எழுதியவை. அறுபத்து மூன்று நான் எழுதியவை.

மார்ச் முதல் ஊர் ஊராகச் சென்று விசாரித்து வருகிறேன். வெள்ளக்கடையில் ‘மேஸ்திரி தங்கை’யைக் கண்டேன். அவர் பெயர் செல்வி. நாகலூரில் ஒருவர், பெயர் எதற்கு, ரேஷன் கார்டுக்கா என்று கேட்டார். இல்லை, நீங்கள் வரைந்த படத்துக்கு என்றேன். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, அதன்பிறகுதான் பெயரைச் சொன்னார். நால்வர் இறந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரின் மகன் நல்லமுத்து, நான் எழுதுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்து, தம் தாயின் பெயரில் ‘ற’கரம் வரும் என்று திருத்தினார். திருத்திக்கொண்டேன். இதுவரை இருபத்திரண்டு பெயர்கள் கிடைத்துள்ளன.

14. மேற்கூறிய காரணங்களால் தங்களை நான் வேண்டுவது:

(அ) 31.07.2025க்கு முன்பாகத் தாங்கள் ஓர் ஆணை பிறப்பித்து, பத்தொன்பது பதிவேடுகளும் கழிவு செய்யப்படாமல் நிறுத்த வேண்டும்.

(ஆ) என்னிடம் உள்ள எட்டையும் கல்லூரி பெற்றுக்கொண்டு ரசீது தர வேண்டும். அழிக்கப்பட்டதாக எழுதிய சான்றைத் திருத்துவது சிரமமெனில், அழிந்தவை மீண்டும் கிடைத்தன என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். அதில் பொய் இல்லை.

(இ) ஓதம் ஏறாத, பூட்டுள்ள ஓர் அறையோ அலமாரியோ வேண்டும். அதற்கு ஒருவரை எழுத்து மூலம் பொறுப்பாக்க வேண்டும். உட்பக்கங்களையும் படமெடுக்க வேண்டும்.

(ஈ) முதல்வர் அறையில் உள்ள ஓவியத்தின் கீழ் ‘ராசம்மாள், மாரமங்கலம், கொட்டாய்க்கு வராத மாடு, 2003’ என எழுத வேண்டும்.

(உ) எழுபத்து நான்கு பதிவுகளிலும் பெயர் சேர்க்க எனக்கு அனுமதி தர வேண்டும். பழைய எழுத்தை அழிக்கவோ வெள்ளை பூசவோ மாட்டேன். அது அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் சிவப்பு மையில் பெயரை எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திடுவேன். முதலில் எழுதியதும் பிறகு எழுதியதும் ஒரே கை என்பது பின்னால் பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். ஊதியமோ பயணப்படியோ கேட்கவில்லை.

எனக்கு வயது அறுபத்து மூன்று. இன்னும் பெயர் தெரியாதவர்களில் பலர் என்னைவிட மூத்தவர்களாக இருக்கக்கூடும். எனவே இம்மனுவை வழக்கமான வரிசையில் வைக்காமல் முன்னதாக எடுத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்) ஜெ. தேவகுமாரி

இடம்: ஏற்காடு
நாள்: 14.07.2025

இணைப்புகள்:
1. பார்வையில் கண்ட கடிதங்களின் நகல்கள்.
2. பதிவேட்டு அட்டைகளின் படங்கள், இருபத்தேழு.
3. 2003ஆம் ஆண்டுப் பதிவேடு, வரிசை எண் 41 உள்ள பக்கத்தின் நகல்.
4. திரு. அப்துல் மஜீத், திருமதி பரிதா, திருமதி ராசம்மாள் ஆகியோர் கையெழுத்திட்ட வாக்குமூலங்கள்.
5. பெயர் விடுபட்ட எழுபத்து நான்கு பதிவுகளின் பட்டியல். இதில் இருபத்திரண்டு நிரப்பப்பட்டுள்ளன. ஐம்பத்திரண்டு இடங்கள் காலியாக உள்ளன. அவை தட்டச்சுப் பிழை அல்ல.